வேலிக்கு உள்ளே நஜ்மா, வெளியே ரஹீமா

நம் அடுப்பில் எரியும் சமையல் எரிவாயுவுக்கும் சவுதி அரேபியாவின் கிழக்குக் கரையிலுள்ள ராஸ் தனூரா என்ற மணல் முனைக்கும் தொடர்பு உண்டு. அந்த எரிவாயுவில் அடங்கிய புரொப்பேனுக்கும் பியூட்டேனுக்கும் அந்நாட்டு எண்ணெய் நிறுவனமான சவுதி அராம்கோ மாதந்தோறும் ஒரு விலை அறிவிக்கிறது. இந்தியாவில் சிலிண்டர் விலைக் கணக்கு அந்த விலையிலிருந்துதான் தொடங்குகிறது. அந்த எரிவாயு கப்பலேறும் துறைகளில் ஒன்றான ஜுஐமா, ராஸ் தனூராவுக்குச் சற்று வடக்கே இருக்கிறது. ராஸ் தனூராவிலிருந்தோ 1939 முதல் கச்சா எண்ணெய் கப்பலேறிக்கொண்டிருக்கிறது. என் மணவாழ்க்கையின் பெரும்பகுதி அந்த ஊரில் கழிந்தது. கணவர் சுத்திகரிப்பு ஆலையில் பொறியாளர். நாங்கள் குடியிருந்தது நஜ்மா என்ற நிறுவனக் குடியிருப்பில்.

நஜ்மாவைப் பற்றி நினைவுக் குறிப்புகளுக்குப் பஞ்சமில்லை. அராம்கோ அமெரிக்க நிறுவனமாக இருந்த காலத்தில் அங்கே பிள்ளைப் பருவத்தைக் கழித்த அமெரிக்கர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். வீட்டிலிருந்து செருப்பில்லாமல் கடலுக்கு நடந்தது, பூட்டாத கதவுகள், சைக்கிளில் சுற்றிய தெருக்கள். எல்லாம் உண்மை. நானும் அந்தத் தெருக்களில் நடந்தவள், அந்த இடத்தை மனதார நேசித்தவள். ஆனால் குடியிருப்பின் வாயிலைத் தாண்டினால் ரஹீமா என்றொரு ஊர் இருக்கிறது. அங்கே தங்கி அந்த ஆலையையும் துறையையும் நடத்தியவர்களில் எழுதிவைத்தவர்கள் மிகக் குறைவு. நம் ஊர்க்காரர்கள் ஏராளமாக இருந்தும் தமிழில் அந்த ஊரைப் பற்றிப் படிக்க எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அந்த முனையை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதிலிருந்து தொடங்குகிறேன். வளைகுடாவின் அரபுக் கரை பெரும்பாலும் ஆழமற்றது. பல இடங்களில் முழங்கால் தண்ணீரில் வெகுதூரம் நடந்துகொண்டே போகலாம். பெரிய கப்பல் கரையை நெருங்க முடியாது. ராஸ் தனூரா ஒரு நீண்ட மணல் திட்டாகக் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. அதன் மேற்கில் தாரூத் விரிகுடா, கிழக்கில் கப்பல் வந்து நிற்கும் அளவுக்கு ஆழமான நீர். 1938 மார்ச்சில் தமாம் 7-ஆம் எண் கிணற்றில் எண்ணெய் பெருக்கெடுத்ததும், அந்தக் கிணறு இருந்த தஹ்ரானிலிருந்து இந்த முனைக்குக் குழாய் போட்டார்கள். 1939 மே 1 அன்று மன்னர் அப்துல் அஜீஸ் நூற்றுக்கணக்கான கார்களோடு பாலைவனம் கடந்து வந்து வால்வைத் திறந்துவைத்தார். டி. ஜி. ஸ்கோஃபீல்ட் என்ற கப்பல் முதல் சரக்கை ஏற்றிக்கொண்டது.

இந்த நாள் எல்லா வரலாற்றிலும் இருக்கிறது. அதற்குப் பிந்தைய ஆண்டுகள்தாம் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. உலகப்போரால் வேலை ஏறக்குறைய நின்றுபோய், 1944-ல் மறுபடி சூடுபிடித்தது. நாளொன்றுக்கு 50,000 பீப்பாய் திறனுள்ள சுத்திகரிப்பு ஆலை 1945-ல் இயங்கத் தொடங்கியது. இன்று அதன் திறன் ஐந்தரை லட்சம் பீப்பாய். அந்த முதல் ஆலையைக் கட்டியவர்கள் யார்? சவுதித் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். ஆங்கிலேயர் கைப்பற்றிய எரித்ரியாவிலிருந்து இத்தாலியர்களைக் கொண்டுவந்திருந்தார்கள். கொத்துவேலை, தச்சு, இயந்திரவேலை தெரிந்தவர்கள். இந்தியாவிலிருந்து எழுத்தர்களும் கைவினைஞர்களும் வந்தார்கள். எல்லோரும் ஒரே ஆலைக்காக உழைத்தார்கள், ஆனால் ஒரே இடத்தில் தூங்கவில்லை. அமெரிக்கர்களுக்குக் குளிரூட்டிய வீடுகள், குடும்பத்தோடு வாழும் உரிமை. இந்தியர் போன்றோருக்கு இடைநிலை முகாம். சவுதிகளுக்கு ஈச்ச ஓலைக் குடிசைகள். தங்கள் சொந்த மண்ணில் வேலை செய்தவர்கள் கடைசிப் படியில் இருந்தார்கள்.

அவர்கள் அதை வாய்மூடிப் பொறுத்துக்கொள்ளவில்லை. 1945-லேயே வேலைநிறுத்தங்கள் நடந்தன. 1953 அக்டோபரில் தொழிலாளர் குழுவின் தலைவர்களைக் கைதுசெய்ததும் சுமார் 13,000 பேர் வேலைக்கு வர மறுத்தார்கள். சம்பளம் மட்டுமல்ல, வீடு, பள்ளிக்கூடம், தரம் பிரித்து நடத்துவது எல்லாமே அந்தப் போராட்டத்தில் இருந்தது. 1956-ல் மன்னர் சவூத் வந்தபோது மறுபடியும் ஆர்ப்பாட்டம். அதே ஆண்டில் வேலைநிறுத்தமே சட்டவிரோதம் என்று அரச ஆணை வந்தது. ஆனாலும் போராடியது வீண்போகவில்லை. சவுதி ஊழியர்கள் கடன் பெற்றுச் சொந்த வீடு கட்டிக்கொள்ளும் திட்டம் ஐம்பதுகளில் வளர்ந்தது, முகாமுக்கு வெளியே ஒழுங்கான தெருக்களோடு நகரங்கள் எழுந்தன. ரஹீமா அப்படி வளர்ந்த ஊர். ஆகவே ரஹீமாவை வேலிக்கு வெளியே ஒதுங்கிய கடைத்தெரு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. தலைக்கு மேல் கூரை கேட்டவர்களின் ஊர் அது.

1947-ல் அலுவலகப் பையனாக அராம்கோவில் சேர்ந்த அலி அல் நயீமி 1984-ல் அதன் முதல் சவுதித் தலைவரானார், பிறகு நாட்டின் எண்ணெய் அமைச்சராக இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். இடையில், 1980-க்குள் நிறுவனத்தின் முழு உரிமையும் சவுதி அரசின் கைக்கு வந்துவிட்டது. நாங்கள் போனபோது நஜ்மாவில் சவுதி, அமெரிக்க, பிரிட்டிஷ், இந்திய, பாகிஸ்தானிய, எகிப்தியக் குடும்பங்கள் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இருந்தன. இன வரிசை மறைந்து, பதவி வரிசை இருந்தது. எந்த நிலை ஊழியரோ அதற்கேற்ற வீடு.

எனக்கு இது புதிதாக இருக்கவில்லை. நான் நெய்வேலியில் பிறந்து வளர்ந்தவள். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தார். பிளாக் எண் சொன்னால் போதும், ஒருவருடைய அப்பா என்ன வேலை என்று நெய்வேலிப் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். 1956-ல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தொடங்கியபோது நிலம் கொடுத்த கிராமத்தார் பலர் நகரியத்துக்கு வெளியே போனார்கள். நிழல் மரங்களும் அகலமான தெருக்களும் எங்களுக்குக் கிடைத்தன. அப்பா ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுக் கடலூருக்கு வாடகை வீட்டுக்குப் போனோம். அம்மா வைத்த பலா மரத்தின் பழத்தை இப்போது யாரோ சாப்பிடுகிறார்கள். நஜ்மாவில் வீட்டைத் திறந்து உள்ளே போனபோதே, கொல்லையில் இருந்த வேப்பமரத்தைப் பார்த்து, "இதுவும் நமக்கில்லை" என்று கணவரிடம் சொன்னேன். அவர் விருதுநகர் மாவட்டத்துக் கரிசல்காட்டுக்காரர், அப்பா கட்டிய வீட்டில் வளர்ந்தவர். நான் சொன்னது அவருக்கு விளங்கவில்லை.

நஜ்மாவின் பெரிய செல்வம் கடல். அராம்கோவின் பழைய குடியிருப்புகளான தஹ்ரான், அப்கைக், உதைலியா மூன்றும் கடலை ஒட்டியவை அல்ல. நஜ்மாவில் தெரு முடியும் இடத்தில் மணல் தொடங்கிவிடும். காலையில் சூரியன் கடலிலிருந்து எழும். சென்னையிலும் கடலூரிலும் பார்த்த அதே திசை என்பதால் எனக்கு முதல் நாளே அந்தக் கரை பழகிவிட்டது. தொடுவானத்தில் கப்பல்கள் வரிசையாக நிற்கும். பெரும் கப்பல் ஒன்று இருபது லட்சம் பீப்பாய் வரை ஏற்றும். வெற்றாக வரும்போது செந்நிற அடிவயிறு தெரிய உயர்ந்து மிதக்கும், நிரம்பிய பிறகு கழுத்தளவு இறங்கிவிடும். என் மகள் நடக்கப் பழகிய வயதிலேயே எந்தக் கப்பல் "பசியாக" இருக்கிறது, எது "சாப்பிட்டுவிட்டது" என்று சொல்வாள். கரைத்துறை போதாத கப்பல்களுக்காகக் கடலுக்குள்ளேயே ஸீ ஐலண்ட் என்ற மேடைகள் உண்டு. இரவில் அவற்றின் விளக்குகள் தனியொரு ஊர்போல் தெரியும்.

தெற்கே, மிஞ்சும் வாயுவை எரிக்கும் ஆலையின் ஃபிளேர் சுடர். கோடையில் வடமேற்கிலிருந்து ஷமால் காற்று வீசும் நாட்களில் வானம் பழுப்பாகிவிடும், சன்னல் இடுக்கில் மாவுபோல் மணல் படியும். ஆகஸ்டில் காற்று நின்று ஈரம் ஏறும். வாசற்படி தாண்டியதும் கண்ணாடி புகைமூட்டமாகிவிடும், உடைகள் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அந்த ஈரத்தில் நாள் முழுக்க வெளியில் வேலை செய்பவர்களை அப்போதுதான் நான் அதிகம் நினைப்பேன்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டது நஜ்மாவுக்குள். சவுதியில் பெண்கள் கார் ஓட்ட அனுமதி கிடைத்தது 2018 ஜூன் 24 அன்றுதான். அதற்குப் பல்லாண்டுகள் முன்பிருந்தே குடியிருப்பு வேலிக்குள் பெண்கள் ஓட்டினார்கள். பள்ளிக்கூடம், கடை, நூலகம், தோழி வீடு என்று சுற்றிவிட்டு வாயில் வரை வருவேன். வாயிலுக்கு அப்பால் என் சக்கரம் உருள முடியாது. அப்போது வெளியே போக வேண்டுமானால் அபாயா என்ற நீண்ட மேலங்கியை அணிந்துகொண்டு பின்னிருக்கையில் உட்கார வேண்டும், அல்லது பெண்களுக்காகக் கோபார் நகரத்துக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். வேலி என்பது சிறை என்று எழுதுபவர்களும் உண்டு, பாதுகாப்பு என்று எழுதுபவர்களும் உண்டு. எனக்கு அந்த வேலி என் சுதந்திரத்தின் எல்லைக் கோடாக இருந்தது. உள்ளே அது எனக்குக் கிடைத்தது, என் வீட்டைச் சுத்தம் செய்ய வந்தவருக்கு உள்ளேயும் கிடைக்கவில்லை. 2018-ல் செய்தி வந்தபோது நாங்கள் ஊர் திரும்பிவிட்டோம். ஆனாலும் அன்று மாலை நஜ்மாவில் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த சவுதித் தோழியைத் தொலைபேசியில் அழைத்து, இருவரும் அழுதோம்.

ரஹீமாவுக்குப் போவது எங்களுக்கு வியாழன் மாலை வழக்கம். 2013 வரை வாரவிடுமுறை வியாழனும் வெள்ளியும். அன்று ரஹீமாவின் கடைத்தெருவில் நின்றால் தெற்காசியா முழுக்க அங்கே கூடியிருக்கும். தொழிலாளர் முகாம்களிலிருந்து பஸ்கள் வந்து இறக்கிவிடும். பணம் அனுப்பும் கடையில் வரிசை தெருவரை நீளும். மலையாளிகளின் பக்காலாவில், அதாவது மளிகைக்கடையில், கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் விமானத்தில் வந்து இறங்கியிருக்கும். பூஃபியா என்ற சிற்றுண்டிக் கடையில் ஒரு ரியாலுக்குத் தேநீர் வாங்கிக்கொண்டு, நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து, சொந்த ஊர்க்காரன் வருகிறானா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். இராமநாதபுரம், தென்காசி, கன்னியாகுமரி, பெரம்பலூர் என்று ஒவ்வொரு பக்கத்துத் தமிழும் காதில் விழும். கணவர் ஒரு பக்கம் நின்று பேசிக்கொண்டிருப்பார். நான் காருக்குள் சன்னலை இறக்கிக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு குளிர்காலத்தில் என் சின்னம்மா மகன் ஷட்டவுன் வேலைக்கு வந்தான். குறிஞ்சிப்பாடிக்காரன், வெல்டர். ஷட்டவுன் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் வளைகுடாவில் நம்மவர்களின் உழைப்பு பெரிய அளவில் போய்ச்சேரும் இடம் அது. சுத்திகரிப்பு ஆலையின் ஒவ்வொரு பிரிவையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுமையாக நிறுத்தித் திறந்து பார்ப்பார்கள். குழாய்களில் மிச்சம் இருக்கும் எண்ணெயையும் வாயுவையும் வெளியேற்றி, நீராவி செலுத்திக் கழுவி, குழாய்களை இணைக்கும் ஃபிளேஞ்சுகளுக்கு நடுவே பிளைண்ட் என்ற அடைப்புத் தகடுகளைச் செருகி மற்ற பிரிவுகளிலிருந்து துண்டிப்பார்கள். பிறகு எண்ணெயைப் பிரிக்கும் கோபுரங்களில் ஆள் நுழையும் வழியான மேன்வேயைத் திறந்து ஆட்கள் உள்ளே இறங்குவார்கள். இறங்குவதற்கு முன் உள்ளிருக்கும் காற்றைச் சோதிக்க வேண்டும். வெளியே ஒருவர் ஹோல் வாட்ச் என்ற காவலாளாக நின்று, உள்ளே போனவர்களின் பெயரை எழுதிக்கொண்டு, வெளிவரும் வரை நகராமல் இருக்க வேண்டும். அடுக்கடுக்கான தட்டுகளைக் கழற்றிச் சுத்தம் செய்வது, வெப்பமாற்றிகளின் குழாய்க் கட்டைக் கிரேனால் இழுத்து உயர் அழுத்த நீரால் கழுவுவது, தேய்ந்த இடத்தை வெட்டிப் புதிதாக வெல்டு வைப்பது என்று இரவும் பகலும் பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் நடக்கும். ஒவ்வொரு நாள் தாமதமும் உற்பத்தி இழப்பு என்பதால் எல்லார் மூச்சும் கடிகாரத்தில்தான். முடிந்ததும் அத்தனை பேரும் அடுத்த ஆலைக்கோ ஊருக்கோ போய்விடுவார்கள்.

தம்பியை வேலைக்கு எடுத்திருந்த ஒப்பந்த நிறுவனம் மூன்று மாதச் சம்பளத்தை நிறுத்திவைத்திருந்தது. அவன் அதை எங்களிடம் சொல்லவே இல்லை. கூட வந்தவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. முறையாக அனுமதிச் சீட்டு எடுத்து ஒரு வெள்ளிக்கிழமை அவனை வீட்டுக்குச் சாப்பிட அழைத்தோம். வத்தக்குழம்பும் அப்பளமும் வைத்தேன். சாப்பிட்டுவிட்டுக் கடற்கரையில் உட்கார்ந்தபோது, "அக்கா, நீங்கள் இருப்பதும் நான் இருப்பதும் ஒரே ஊர் என்று அம்மாவிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள்" என்றான். "சம்பளத்தைப் பற்றி ஏன் தம்பி சொல்லவில்லை?" என்று கேட்டேன். "அத்தானுக்கு வேலையில் சங்கடம் வந்துவிடக் கூடாது அல்லவா?" என்றான். சம்பளம் பின்னால் வந்தது. அந்தப் பதில் என் நெஞ்சில் தைத்த முள்ளாக இன்னும் இருக்கிறது.

கத்தீஃப் மீன் சந்தையைச் சொல்லாமல் ராஸ் தனூராவைச் சொல்ல முடியாது. தாரூத் விரிகுடாவைச் சுற்றிக்கொண்டு போனால் கத்தீஃப். கிழக்கு மாகாணத்தின் பெரிய மீன் சந்தை அங்கே. ஹமூர் என்று அவர்கள் சொல்வது நம் களவா, கனாத் என்பது வஞ்சிரம். அந்தப் படகுகளில் கன்னியாகுமரிக் கரையோரத்து மீனவர்களும் வேலை பார்க்கிறார்கள். முதல் தடவை அங்கே போனபோது, பெட்டி சுமந்து வந்தவர் குளச்சல் பக்கத்துத் தமிழில் இன்னொருவரைக் கூப்பிட்டதைக் கேட்டுத் திடுக்கிட்டேன். எண்ணெய்த் துறையைச் சுற்றியுள்ள தடைசெய்யப்பட்ட கடற்பகுதியில் மீன்பிடிப் படகுகள் நுழையக் கூடாது. காற்றடித்து விலகினாலும் காவல் படகு வந்துவிடும் என்றார்கள். நான் கடற்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அதே நீரை அவர்கள் இன்னொரு பக்கத்திலிருந்து அஞ்சிக்கொண்டு பார்த்திருக்கிறார்கள்.

அந்த விரிகுடாவில் அலையாத்திக் காடுகள் இருக்கின்றன. பிச்சாவரத்தில் பார்க்கிற வெண்கண்டல் இனமேதான். வெயிலிலும் உப்பிலும் குட்டையாக வளர்ந்திருக்கும். கரையை நிரப்பி நிலமாக்கியதில் நிறைய அழிந்துவிட்டன. இப்போது ரஹீமா விரிகுடாவில் எஞ்சியதைப் பாதுகாத்துப் புதிதாகவும் நடுகிறார்கள். இது நல்ல செய்தி, இன்னும் முன்பே நடந்திருக்க வேண்டிய செய்தி.

ஆபத்தைப் பற்றி அதிகம் எழுத எனக்கு விருப்பமில்லை. எண்ணெய் உள்ள இடத்தில் அது எப்போதும் உண்டு. 2021 மார்ச் 7 அன்று ராஸ் தனூராத் துறையின் எண்ணெய்த் தொட்டி வளாகத்தை ட்ரோன் தாக்கியது. உலகச் செய்திகள் அன்று எண்ணெய் விலை எவ்வளவு ஏறியது என்றே பேசின. நான் அன்று இரவு முழுக்கத் தொலைபேசியில் ரஹீமாவில் இருந்த ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டிருந்தேன்.

நஜ்மாப் பிள்ளைகளின் கதை தனி. எங்கள் காலத்தில் நிறுவனப் பள்ளி ஒன்பதாம் வகுப்போடு முடிந்துவிடும். பிறகு வெளிநாட்டு விடுதிப் பள்ளிக்கோ சொந்த ஊருக்கோ அனுப்ப வேண்டும். பதினான்கு, பதினைந்து வயதில் வீட்டைப் பிரியும் பிள்ளைகள் கோடை விடுமுறைக்குத் திரும்பி வரும்போது குடியிருப்பே திருவிழாக் கோலமாகும். அப்பாவின் வேலை முடிந்தால் இக்காமா என்ற குடியிருப்பு அனுமதியும் முடியும், வீடும் போகும். என் மகள் இப்போது பெங்களூரில் இருக்கிறாள். எந்த ஊர் என்று கேட்டால் ராஸ் தனூரா என்கிறாள். அந்த ஊருக்குள், அவள் வளர்ந்த தெருவுக்குள், யாராவது அனுமதிச் சீட்டு எடுத்துக் கொடுத்தால் ஒழிய அவள் நுழைய முடியாது. பழைய அராம்கோக் குடும்பங்கள் இதற்காகவே அமெரிக்காவில் ஒன்றுகூடல் நடத்திக்கொள்கின்றன. ஊரை இழந்தவர்கள் ஒருவரையொருவர் ஊராக்கிக்கொள்கிறார்கள்.

ரஹீமாவில் இருந்தவர்களுக்கு அதுவும் இல்லை. எழுபதுகளின் பிற்பகுதியில் எரிவாயுத் திட்டங்களும் ஜுபைல் தொழில் நகரமும் எழுந்தபோது பம்பாய் வழியாகப் போன தமிழர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. கடந்த ஆண்டு தக்கலைக்குப் பக்கத்தில் அப்படி ஒருவரைப் பார்த்தேன். பைப் ஃபிட்டர். எழுதப் படிக்கச் சிரமம் என்பதால் மனைவிக்குக் கடிதத்துக்குப் பதில் ஒலிநாடாவில் பேசிப் பதிவுசெய்து, ஊருக்கு வருபவர்களிடம் கொடுத்தனுப்புவாராம். அந்தக் காலத்தில் வளைகுடாவிலிருந்து பலரும் அப்படித்தான் பேசி அனுப்பினார்கள். அந்த அம்மா எல்லாவற்றையும் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். அனுமதி பெற்று ஒன்றைக் கேட்டேன். எந்தத் தெருவில் எந்தக் கடை, எந்த முகாமில் தண்ணீர் நன்றாக வரும், வேலை முடிந்து பஸ் எங்கே நிற்கும் என்று ஊரையே அவர் சொல்லிக்கொண்டு போகிறார். ரஹீமாவைப் பற்றி அத்தனை விவரம் வேறெங்கும் நான் கண்டதில்லை.

அவற்றை இப்போது ஒவ்வொன்றாகக் கணினிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படிப்பட்ட ஒலிநாடாக்கள் இருக்கலாம். அப்பாவோ மாமாவோ தாத்தாவோ ராஸ் தனூரா, ஜுபைல், அப்கைக் பக்கம் வேலை பார்த்திருந்தால் தேடிப் பாருங்கள். பூஞ்சை பிடித்திருந்தாலோ நாடா ஒட்டிக்கொண்டிருந்தாலோ டேப்ரெக்கார்டரில் போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டாம், அறுந்துவிடும். வெயில் படாத உலர்ந்த இடத்தில் வைத்துவிட்டு, இந்த வேலை தெரிந்தவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். பேசியவர் உயிரோடு இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து, அதில் வரும் இடங்களையும் ஆட்களையும் அவர் வாயாலேயே கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.